மௌனம் அறமாகுமா?

வாயினால் விளையும் குற்றங்கள் நான்கு என்று நம் அறநூலோர் வகுத்தனர். பொய், குறளை, கடுஞ்சொல், பயனில்சொல் என்பன அவை. இந்நான்கும் பேசுவதனால் வரும் குற்றங்கள். ஆகவே, பேசாதிருப்பவன் இந்நான்கினின்றும் தப்பினான் என்பது பொதுவான எண்ணம். நானும் நெடுங்காலம் அவ்வாறே எண்ணியிருந்தேன். நாற்பது ஆண்டுகளுக்கு அணித்தாக ஆசிரியப் பணி செய்து, மாணவர்க்கு நாவடக்கத்தின் பெருமையைப் பலமுறை எடுத்துரைத்தவள் நான். சொல்லாமையிலும் ஒரு குற்றம் இருக்கக் கூடுமோ என்னும் ஐயம் எழுபது வயதைக் கடந்த பின்னரே எனக்கு எழுந்தது. அவ்வையம் எழுவதற்கு ஒரு நாவலும் காரணம். என் வீட்டில் நடந்த ஒன்றும் காரணம். இரண்டையும் வாசக அன்பர்களிடம் பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

பெங்களூரில் பயிலும் என் பேத்தி விடுமுறைக்கு வந்தபோது ஓர் ஆங்கில நாவலை விட்டுச் சென்றாள். துருக்கிய வழியினரான எலிஃப் ஷஃபாக் என்னும் பெண் எழுத்தாளர் 2021-ஆம் ஆண்டில் வெளியிட்டது. 'காணாமற்போன மரங்களின் தீவு' என்று அதன் தலைப்பைத் தமிழில் சொல்லலாம். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு மாத காலம் அதனைப் படித்தேன்.

கதை நிகழும் இடம் மத்தியதரைக் கடலின் கீழ்ப்பகுதியில் உள்ள சைப்ரஸ் தீவு. அங்கே கிரேக்க மொழி பேசும் கிறித்தவரும் துருக்கி மொழி பேசும் இஸ்லாமியரும் பன்னெடுங்காலம் அடுத்தடுத்து வாழ்ந்து வந்தனர். 1878 முதல் ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்த அத்தீவு 1960-இல் விடுதலை பெற்றது. மூன்றே ஆண்டுகளில், 1963 டிசம்பரில், இரு சமூகத்தாரிடையே கலவரம் மூண்டது. அப்போது ஓர் ஆங்கிலப் படை அதிகாரி தலைநகராகிய நிகோசியாவின் வரைபடத்தில் பச்சைப் பென்சிலால் ஒரு கோடு இழுத்து நகரை இரண்டாகப் பிரித்தார். அது இன்றளவும் பச்சைக் கோடு என்றே வழங்குகிறது. 1974 ஜூலை 15-இல் கிரேக்க நாட்டு இராணுவ ஆட்சியின் தூண்டுதலால் ஆட்சிக் கவிழ்ப்பு நடந்தது. ஐந்தே நாட்களில் துருக்கியப் படை வந்திறங்கியது. வடக்கிலிருந்த கிரேக்கர் தெற்கே ஓடினர். தெற்கிலிருந்த துருக்கியர் வடக்கே சென்றனர். இரண்டு இலட்சத்தை ஒட்டிய மக்கள் வீடு வாசலை இழந்தனர். தீவு இன்னமும் ஒன்றுபடவில்லை.

இந்தப் பின்னணியில், கோஸ்டாஸ் என்னும் கிரேக்க இளைஞனும் டெஃப்னே என்னும் துருக்கிய நங்கையும் மறைவாக அன்பு கொள்கின்றனர். அவர்கள் சந்திக்கும் இடம் ஓர் உணவகம். அதனை நடத்துவோரில் ஒருவர் கிரேக்கர், மற்றவர் துருக்கியர். அதன் நடுவே ஓர் அத்திமரம் கூரையைத் துளைத்துக்கொண்டு வளர்ந்து நிற்கிறது. கலகம் காதலரைப் பிரிக்கிறது. உணவகத்தார் இருவரும் காணாமற்போகின்றனர். பல ஆண்டுகளுக்குப் பின்னர்த் தாவரவியல் அறிஞனாகத் திரும்பி வரும் கோஸ்டாஸ், டெஃப்னேயை மீண்டும் காண்கிறான். அவள் அப்போது காணாமற்போனோரின் எலும்புகளைத் தேடி அகழும் பணியில் இருக்கிறாள். இருவரும் இலண்டனுக்குக் குடிபெயர்கின்றனர். செத்துக்கொண்டிருந்த அந்த அத்திமரத்தின் ஒரு போத்தைப் பெட்டியில் வைத்து எடுத்துச் செல்கின்றனர். அங்கே ஒரு மகள் பிறக்கிறாள். ஆடா என்று பெயரிடுகின்றனர். துருக்கி மொழியில் ஆடா என்றால் தீவு.

மகளுக்குத் தீவின் பெயரைச் சூட்டிய பெற்றோர், தீவின் கதையை அவளிடம் சொல்லவே இல்லை. அந்த வேதனை அவளைத் தொடலாகாது என்று கருதினர். தாய் தன் துயரை மதுவில் அமிழ்த்தப் பார்த்து, அதனாலேயே அழிந்தாள். தாய் இறந்து ஓராண்டும் நிறையாத நிலையில், பள்ளியில் வரலாற்று ஆசிரியை, குடும்பத்து முதியவர் ஒருவரிடம் பழங்கதை கேட்டு எழுதி வாருங்கள் என்று பணிக்கிறார். பதினாறு வயது ஆடா எழுந்து நின்று, எல்லோரும் அஞ்சும்படி அலறுகிறாள். நிறுத்த இயலாத அலறல். கேட்டு எழுத அவளுக்கு யாருமில்லை, எதுவுமில்லை.

இப்பகுதியைப் படித்தபோது நூலை மூடி வைத்துவிட்டேன். அதே வேலையை நானும் மாணவர்க்குக் கொடுத்திருக்கிறேன். ஒரு முறை ஒரு சிறுமி வெற்று நோட்டைக் கொண்டுவந்தாள். சோம்பல் என்று எண்ணிக் கடிந்து, வகுப்பின் வெளியே நிறுத்தினேன். அவள் வீட்டில் தந்தையின் பெயரையே யாரும் எடுப்பதில்லை என்று பிறகு ஓர் ஆசிரியை சொல்லக் கேட்டேன். மறுநாள் அவளிடம் மன்னிப்புக் கேட்கும் துணிவு எனக்கு இல்லை. ஓர் ஆண்டுக் காலம் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் கற்ற குழந்தை உளவியல் அன்று துணைக்கு வரவில்லை.

இந்நாவலில் பெரும்பகுதியை எடுத்துரைப்பது அந்த அத்திமரமே. மரம் பேசுவதும், எறும்பும் எலியும் கொசுவும் அதற்குச் செய்தி கொணர்வதும் இக்கால எழுத்தாளர் கையாளும் ஒரு முறை. நம்பத்தகாதவற்றை நடந்தவை போலவே இயல்பாகச் சொல்லிச் செல்வர். நமக்கு இது முற்றிலும் புதிதன்று. புல்லும் மரமும் ஓரறிவுயிர் என்று தொல்காப்பியர் வகுத்தார். தொடு உணர்வு ஒன்றே உடைய உயிர் என்று நம் ஆகமங்களும் கூறும். மரத்தை வெட்டுவதற்கு முன் ஒரு கணம் கை தயங்கும் குடும்பங்களில் வளர்ந்தவர்கள் நாம். மேலும், மது, மாமிசம், தேன் இவற்றோடு அத்தியினத்துக் கனிகள் ஐந்தனையும் விலக்குவது நம் முன்னோர் மரபு. அத்தி என்பது உண்மையில் ஒரு கனி அன்று. உள்நோக்கி மலர்ந்த பூங்கொத்து. அதன் வாய்த்துளை வழியே ஒரு சிறு குளவி சிறகிழந்து நுழைந்து, மகரந்தம் சேர்த்து, முட்டையிட்டு, உள்ளேயே மடிகிறது. வெளியே அசையாது தொங்கும் ஒன்றனுள் பிறப்பும் இறப்பும் நிகழ்கின்றன என்பதைக் கண்டறிந்தே பெரியோர் அதனை விலக்கினர். ஓசையற்ற ஒன்றனுள் உயிர்ப்பாடு இருக்கும் என்று அறிந்த மரபு நம்முடையது. குடும்பத்து மௌனத்தையும் அக்கண்கொண்டு நோக்கவேண்டாவா?

நாவலாசிரியையோடு நான் உடன்படாத இடமும் உண்டு. கதை முடிவில், இறந்த டெஃப்னேயின் உயிரே அத்திமரத்தினுள் புகுந்து நம்மிடம் பேசிக்கொண்டிருந்தது என்று தெரிகிறது. ஆசிரியை அதனை ஓர் ஆறுதலாக வைத்துள்ளார். நம் கொள்கைப்படி மானிடப் பிறவியினின்றும் ஓரறிவுப் பிறவிக்குச் செல்வது ஆறுதல் அன்று, இழப்பு. மனமில்லாத உயிருக்கு நினைந்து இரங்கும் ஆற்றலும் இல்லை. ஆயினும் எனக்கு ஒன்று புரிந்தது. உயிரோடிருந்தபோது மகளிடம் வாய் திறவாத தாய், மரமான பிறகே பேசுகிறாள். பேசும் காலத்தில் பேசாதவர்க்கு நேரும் நிலையாகவே இதனை நான் கொண்டேன்.

இனி வினாவுக்கு வருவோம். துன்பம் தரும் உண்மையை மறைத்தல் அகிம்சை ஆகாதா? ஆகும் என்பதற்குச் சான்றுகள் உள்ளன. பிறர்க்குத் தீமை பயவாத சொல்லே வாய்மை என்றார் வள்ளுவர். இல்லறத்தார்க்குரிய வாய்மை விரதத்தைக் கூறும் இடத்தில், பொய்யோடு, பிறர்க்கு இடர் விளைக்கும் உண்மையையும் விலக்குமாறு சமந்தபத்திர ஆசாரியர் இரத்தினகரண்டகத்தில் அறிவுறுத்துகிறார். மான் ஓடிய வழியை வேடன் கேட்டால், கண்டவன் வாய் திறத்தல் கூடாது. இதில் ஐயமில்லை.

ஆனால் மான் வேறு, மகள் வேறு. வேடனிடம் மறைப்பது ஓர் உயிரைக் காப்பதற்காக. அம்மறைப்பு அந்நேரத்தோடு முடிந்துபோகும். மகளிடம் மறைப்பது முடிவதில்லை. நாள்தோறும் அதற்குக் காவல் இருக்கவேண்டும். ஒரு பெயர் வாயில் வந்துவிடாமலும், ஒரு புகைப்படம் கண்ணில் பட்டுவிடாமலும் காக்கவேண்டும். ஒரு மௌனத்தைக் காக்கப் பல சிறு பொய்கள் வேண்டியிருக்கும். மௌன விரதம் என்று தொடங்கியது வாய்மை விரதத்தின் குறையாய் முடிகிறது.

மற்றொன்று. தசலட்சண நாட்களின் இறுதியில் நாம் ஒருவரையொருவர் மன்னிப்பு வேண்டுகிறோம். எல்லா உயிரும் என்னைப் பொறுக்க என்கிறோம். எதனைப் பொறுப்பது என்று அறியாதவர் எவ்வாறு பொறுப்பார்? ஆகவேதான் கழுவாய்களுள் முதலாவதாக ஆலோசனையை வைத்தனர். இன்று அச்சொல்லுக்கு வேறு பொருள் வழங்கினும், நம் நூல்களில் தன் குற்றத்தை ஒளிக்காமல் குருவின் முன் எடுத்துரைத்தலே ஆலோசனை. ஒளிவின்றிச் சொல்லிய பின்னரே வினை தளரும். சொல்லப்படாத வினைக்கு மன்னிப்பு இல்லை.

இப்போது என் வீட்டுக் கதை. 1981-இல் என் கணவருக்கும் அவர் தம்பிக்கும் பாகப்பிரிவினை ஆயிற்று. வழக்கு பொதுக் கிணறு ஒன்றையும், அதன் கரையிலிருந்த புளியமரம் ஒன்றையும் பற்றியதாகத்தான் தொடங்கியது. பேச்சு முற்றிய நேரத்தில், மாமியாரின் வைத்தியச் செலவில் கொழுந்தனார் ஒரு காசும் தரவில்லை என்று நான் ஒரு சொல் சொல்லிவிட்டேன். அவர் எழுந்து வெளியேறினார். அதன் பிறகு இரு வீட்டாருக்கும் வாழ்விலும் சாவிலும் போக்குவரத்து அற்றது. அவர் மருந்துக்கடைக்கு நேரே பணம் கட்டியிருந்தார் என்பது ஈராண்டு கழித்து எனக்குத் தெரிந்தது. நான் அதனை யாரிடமும் சொல்லவில்லை. என் கணவரிடமும் சொல்லவில்லை.

என் மகளுக்கு அப்போது நான்கு வயது. சித்தப்பா என்று ஒருவர் இருப்பதையே அவள் மறந்தாள். கேட்டபோதெல்லாம், அவர்கள் தொலைவில் இருக்கிறார்கள் என்றேன். இருபது கல் தொலைவு! பிறரைப் பற்றிக் குறை கூறாதிருக்கிறேன் என்றும், குழந்தையின் மனத்தில் பகை விதைக்காதிருக்கிறேன் என்றும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். 2009-இல் என் கணவர் மறைந்தார். 2016-இல் கொழுந்தனார் மறைந்தார். செய்தி கேட்டு, தடுத்தும் கேளாமல் என் மகள் அவ்வூருக்குச் சென்று வந்தாள். சித்தப்பாவின் அலமாரியில், 1992-இல் அவள் பத்தாம் வகுப்பில் முதன்மையாகத் தேறியபோது சமுதாய இதழொன்றில் வெளிவந்த அவளுடைய படம் கத்தரித்து வைக்கப்பட்டிருந்ததாம். திரும்பி வந்தவள் என்னை ஒன்றே கேட்டாள்: "அம்மா, யாரைக் காப்பாற்ற இத்தனை வருஷம் பேசாமல் இருந்தீர்கள்?"

அன்றும் நான் விடை சொல்லவில்லை. விடை எனக்குத் தெரியும். நான் காத்தது மகளை அன்று, என்னை.

என் வீட்டுப் பூசலை ஒரு நாட்டின் குருதியோடு ஒப்பிடுவதாக அன்பர்கள் எண்ணலாகாது. அளவில் இரண்டும் மலையும் மடுவும். ஆனால் பெரிய மௌனத்திலிருந்து சிறிய மௌனம் கற்றுக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. சைப்ரஸில் 1981-இல், எங்கள் வீடு பிரிந்த அதே ஆண்டில், காணாமற்போனோரைத் தேடும் குழு ஒன்றை இரு சமூகத்தாரும் ஐக்கிய நாடுகள் அவையின் துணையோடு நிறுவினர். 1963-64 கலவரத்திலும் 1974 போரிலும் காணாமற்போனோர் என்று அதன் பட்டியலில் உள்ளவர் 2002 பேர். கிரேக்க சைப்ரியர் 1510, துருக்கிய சைப்ரியர் 492. குழு அமைந்த பின்னும் கால் நூற்றாண்டு ஓடியது. 2006 முதல் முறையாக அகழ்வு நடந்து, ஆயிரத்துக்கு மேற்பட்டோரின் எலும்புகள் அடையாளம் காணப்பட்டு உறவினரிடம் ஒப்படைக்கப்பட்டுள்ளன. தோண்டுவோரிலும் ஆய்வோரிலும் இரு சமூகத்து இளைஞரும் தோளோடு தோள் நிற்கின்றனர். நாவலில் உணவகத்தார் இருவரின் எலும்புகளும் ஒரு கிணற்றினுள்ளிருந்தே வெளிப்படுகின்றன.

இக்குழுவின் விதி ஒன்று என்னைச் சிந்திக்க வைத்தது. இறந்தவர் யார் என்று அது கண்டறியும். கொன்றவர் யார் என்று ஆராயாது. இறப்பின் காரணத்தையும் அது தீர்ப்பிடுவதில்லை. நீதி கோருவோர்க்கு இது போதாது என்பதும் நியாயமே. கொன்றவனும் கொல்லப்பட்டவனும் ஒன்றாகிவிட மாட்டார்கள். அநேகாந்தம் பேசும் நாம் இதில் கவனமாய் இருத்தல் வேண்டும். துருக்கியர் 1963 முதல் எண்ணித் துயருறுகின்றனர். கிரேக்கர் 1974 முதல் எண்ணித் துயருறுகின்றனர். இருவர் துயரும் மெய் என்பதே அநேகாந்தம். எவரும் குற்றவாளி அல்லர் என்பது அநேகாந்தம் அன்று. எனினும், குற்றம் சாட்டாமலேயே உண்மையைக் கையில் கொடுக்க முடியும் என்பதை அக்குழு காட்டியது. எலும்பைப் பெற்ற தாய் முதலில் அழுகிறாள். தேடித் திரிந்த கால்களுக்கு ஓர் இடம் கிடைக்கிறது. நீதியைப் பற்றிய பேச்சு அதன் பின்னர்த்தான் பொருளுடையதாகும்.

அத்தீவில் இரு படைகளுக்கும் இடையே ஏறத்தாழ 180 கிலோமீட்டர் நீளமுள்ள நடுநிலப் பகுதி ஒன்று உண்டு. பொதுமக்கள் அங்கே குடியிருத்தல் பெரும்பாலும் இயலாது. உழுவாரும் வெட்டுவாரும் இன்மையால் செடிகொடிகள் செழித்து, அரிய காட்டாடுகளும் அங்கே பெருகியுள்ளன. உயிரினங்கள் பிழைத்தது நமக்கு மகிழ்ச்சியே. ஆனால் அப்பசுமையைக் கண்டு அங்கே சாந்தி நிலவுகிறது என்று ஒருவர் கருதினால் அது பிழை. வீடுகள் கூரையிழந்து நிற்கின்றன. நிகோசியாவின் பழைய விமான நிலையம் 1974 முதல் பாழடைந்து கிடக்கிறது. குடும்பத்து மௌனமும் இத்தகைய நடுநிலமே. வெளியிலிருந்து நோக்குவார்க்கு அமைதியாகத் தோன்றும். உள்ளே எவரும் குடியிருப்பதில்லை.

அப்படியானால் எல்லாவற்றையும் எல்லாரிடமும் கொட்டிவிடலாமோ? அதுவும் அறமன்று. எப்போது பேசுவது என்பதற்கு நாவலிலேயே ஓர் உவமை கிடைக்கிறது. இலண்டன் குளிரை அத்திமரம் தாங்காது. கோஸ்டாஸ் ஒரு பக்கத்து வேர்களைத் தளர்த்தி, மரத்தை மெல்லச் சாய்த்து, குழியில் கிடத்தி மண்ணால் மூடுகிறான். குளிர்நாடுகளில் அத்தி வளர்ப்போர் உண்மையாகவே கையாளும் முறை இது. குளிர் நீங்கியதும் அதனைத் தோண்டி எடுத்து நிமிர்த்துகிறான். கிணற்றில் எறியப்பட்டவரும் புதைக்கப்பட்டனர். தோட்டத்து மரமும் புதைக்கப்பட்டது. முன்னது மறைப்பதற்காக, பின்னது காப்பதற்காக. மீண்டும் எடுக்கும் நாளை மனத்தில் குறித்துக்கொண்டு புதைப்பவனே காப்பவன்.

நான்கு வயதுக் குழந்தைக்குப் பாகப்பிரிவினையை நான் விளக்கியிருக்க வேண்டியதில்லை. அப்போது மௌனம் அறமே. அவள் பதினெட்டு வயதில் கேட்டபோது சொல்லியிருக்க வேண்டும். நம் மௌனத்தை நாமே மூன்று வினாக்களால் அளந்துகொள்ளலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. இது யாரைக் காக்கிறது? இதனைக் காக்கப் பொய் சொல்ல வேண்டியிருக்கிறதா? இது முடியும் நாள் ஒன்று உண்டா? முதல் வினாவுக்கு 'என்னை' என்றோ, இரண்டாவதற்கு 'ஆம்' என்றோ, மூன்றாவதற்கு 'இல்லை' என்றோ விடை வருமாயின், அம்மௌனத்தை அறம் என்று அழைக்க நமக்கு உரிமையில்லை. சொல்லும்போது பிறர் குற்றத்தை விடுத்து, நம் பங்கினை முதலில் சொல்லுதல் நன்று. அவ்வாறு சொன்னால் உண்மை புறங்கூற்று ஆகாது.

நாவலை முடித்த வாரம், என் மகளை அமரச் செய்து, மருந்துக்கடைச் செய்தி உட்பட யாவற்றையும் சொன்னேன். அவள் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அப்பாவுக்காவது தெரிந்திருக்கலாம்" என்றாள். அதற்கு மறுமொழி என்னிடம் இல்லை. அவ்வாண்டு மன்னிப்பு நாளில், வழக்கமான அச்சிட்ட அட்டையை விடுத்து, என் ஓர்ப்படிக்குக் கைப்பட ஒரு கடிதம் எழுதினேன். இருபது நாள் கழித்து விடை வந்தது. "அக்கா, இதெல்லாம் அவருக்குத் தெரியும். உங்களிடம் கேட்க அவருக்குத்தான் மனம் வரவில்லை. கிணற்றடிப் புளி இந்த வருஷமும் நன்றாகக் காய்த்திருக்கிறது. மகளையும் அழைத்துக்கொண்டு வாருங்கள்" என்று எழுதியிருந்தாள்.

மாசி மாதத்தில் சென்றோம். முழங்கால் வலியோடு அக்கிணற்று மேட்டில் ஏறி நின்றேன். மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள், அதிகம் பேசவில்லை. அவளுடைய அந்த மௌனத்தை நான் குறை கூறவில்லை. அது முடியும் நாள் ஒன்று இருக்கிறது என்று நம்புகிறேன். மன்னிப்பு வேண்ட உரியவர் உயிரோடிருக்கும்போதே வேண்டும் நற்பேறு இதனைப் படிப்போர்க்கு வாய்ப்பதாக.